மஞ்சள் கோட்டுக்கு ஒரு விரல் கீழே

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அவளை அளவு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே இருப்பதிலேயே பெரிய ரோலர் கோஸ்டருக்குப் பலகையில் ஏதோ ஒரு பெயர் எழுதியிருந்தாலும், வேலைக்காரர்கள் வாயில் அது பெரிய பாம்பு. பாம்பின் வாசலில் ஒரு கம்பம். கம்பத்தில் நூற்றிருபது சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு. தலை கோட்டைத் தொட்டால் உள்ளே போகலாம். தொடாவிட்டால் குட்டி ரயில் பக்கம் திரும்பிப் போக வேண்டியதுதான். கம்பத்துக்கும் இரும்புக் கதவுக்கும் நடுவே இருந்த நாலடி இடத்தில்தான் ஒன்பது வருஷமாக அவளுடைய பிழைப்பு.

அந்த நாலடியில் அவள் சும்மா நின்று யாரும் பார்த்ததில்லை. கதவின் தாழ்ப்பாளைத் தூக்குவாள், போடுவாள். தொப்பியைக் கழற்றுவாள், மறுபடி வைப்பாள். வண்டி கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை தொண்ணூற்றெட்டு வினாடி. அதை வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பாள். எண்ணி எண்ணி அது வீட்டுக்கும் வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்க இரண்டரைப் பாம்பு ஆகும் என்பது அவள் கணக்கு. "உன் காலுக்கு யாரு சாவி கொடுத்தாங்க, கொஞ்சம் உக்காரேன்" என்று கணவன் சொல்வான். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். "நானும் ஆளுங்களை மேல ஏத்தி இறக்குறவன்தான். நேரா ஏத்துறேன், நீ கோணலா ஏத்துற. அதான் உனக்கு இந்தப் படபடப்பு" என்பான்.

உயரம் பார்ப்பது மட்டும்தான் அவளுக்குக் கொடுத்த வேலை. ஆனால் வரிசையில் நிற்கிற குழந்தைகளில் பத்தில் மூன்றுக்காவது கம்பத்தருகே வந்ததும் முகம் வெளுத்துவிடும். சிலது அப்பாவின் சட்டையைப் பிடித்துத் தொங்கும். சிலது சத்தமே இல்லாமல் அழும். சத்தமில்லாத அழுகைதான் அவளை அதிகம் தொந்தரவு செய்யும். உடனே குனிந்து முகத்துக்கு நேராக முகம் வைத்து, "பயம் எங்க இருக்கு? வயித்துலயா, கால்லயா, தொண்டையிலயா?" என்று கேட்பாள்.

குழந்தைகள் இதை எதிர்பார்க்க மாட்டார்கள். யோசித்துவிட்டு இடத்தைக் காட்டுவார்கள். பிறகு நடக்கப்போவதை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்வாள். "முதல்ல மெதுவா மேல ஏறும். கடகடன்னு ஒரு சத்தம் வரும். அது சங்கிலி, வண்டி உடையற சத்தம் இல்ல. உச்சில ஒரு நிமிஷம் நிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் விழும். வயிறு தொண்டைக்கு வரும், அது நிஜம். அதுக்கப்புறம் ரெண்டு சுத்து. தொண்ணூத்தெட்டு எண்ணினா முடிஞ்சிடும். இதோ பாரு, இங்க ஒரு சின்னக் கதவு. இதுல போனா நேரா வெளிய. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நீயே சொல்லு."

பாதிப் பேர் ஏறுவார்கள். பாதிப் பேர் சின்னக் கதவு வழியாக வெளியே போவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அவள் ஒரே மாதிரிதான் தலையசைப்பாள். சில அப்பாக்களுக்கு இது பிடிக்காது. "ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லி ஏத்தி விட வேண்டியதுதானே" என்று முறைப்பார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் வாயிலிருந்து வாங்க முடியாது.

அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்தாள். நாற்காலியில் குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வது அவள் பொறுப்பு. "வலிக்காதுன்னு சொல்லுங்க" என்பார் டாக்டர். சொல்வாள். வலிக்கும். ஒரு நாள் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, டாக்டரை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. திட்டவில்லை, அழவில்லை. பார்த்தது, அவ்வளவுதான். அடுத்த மாதமே அவள் அந்த வேலையை விட்டாள். வீட்டில் சம்பளம் போதவில்லை என்று சொல்லிவைத்தாள்.

பூங்காவில் எல்லாம் ஒருவழியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது சூப்பர்வைசர் வந்தார். கழுத்தில் விசில், கையில் நிறுத்துக் கடிகாரம். இரண்டு நாள் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு குழந்தைக்கு நாப்பது செகண்ட் பேசுறீங்கம்மா. ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு வண்டி குறைஞ்சு போச்சு. அழுதா அழட்டும், ஏத்தி விடுங்க. இறங்கும்போது சிரிச்சுக்கிட்டே வரும்."

"எல்லாம் சிரிக்காது சார்."

"நான் சொன்னதைச் செய்யுங்க."

அவள் தலையாட்டிவிட்டு நாற்பதை முப்பதாகக் குறைத்துக்கொண்டாள். அதற்குமேல் குறைக்க வரவில்லை.

அந்த வாரம்தான் அவளுடைய மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலாக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை, மூன்றாம் வகுப்பு, இதே பூங்கா. மகளுக்கு எட்டு வயது. போன மாதம் சமையலறைக் கதவில் நிற்கவைத்து அளந்தபோது நூற்றிருபத்தொன்று. "இனிமே பாம்புல ஏறலாம்டி" என்று அப்பா தோளில் தட்டியபோது அவள் சிரித்தாள். வகுப்பிலும் பெருமை அடித்திருக்கிறாள் போல. "எங்கம்மாதான் பாம்போட வாசல்ல நிக்கிறவங்க, எனக்கெல்லாம் அதைப் பாத்தா பயமே இல்ல" என்று அவள் சொன்னதாக ஒரு தோழியின் அம்மா சந்தையில் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் புதன்கிழமை வந்தபோது மகள் பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். என்ன என்று கேட்டதற்குப் பிடி கொடுக்கவில்லை. எத்தனையோ குழந்தைகளின் முகத்தை ஒரே பார்வையில் படித்தவளுக்குத் தன் மகளின் முகம் மட்டும் பிடிபடவில்லை. பரீட்சைக் கவலையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதினொன்றரைக்கு நீலச் சீருடைக் கூட்டம் வளைவில் தெரிந்தது. முன்னால் டீச்சர், கையில் பெயர்ப் பட்டியல். வாயாடிப் பிள்ளைகள் முன்னால், அமைதியானதுகள் பின்னால். அவள் மகள் நடுவில். தலைக்கு மேலே எழும்பும் தண்டவாளத்தை அவள் பார்க்கவில்லை. தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாலாவது ஆளாக மகள் கம்பத்துக்கு வந்தாள். முதுகைக் கம்பத்தில் ஒட்டி நின்றாள். அம்மாவை நிமிர்ந்து பார்த்து, உதடு அசையாத அளவுக்கு மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நான் குள்ளம்னு சொல்லிடும்மா."

அம்மா குனிந்து பார்த்தாள். பாவாடைக்குக் கீழே மகளின் முட்டிகள் லேசாக மடங்கியிருந்தன. ஒன்பது வருஷத்தில் குதிகாலைத் தூக்குகிற பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் பிடித்திருக்கிறாள். தடித்த செருப்புப் போட்டு வந்தவர்கள், உச்சியில் கொண்டை போட்டு வந்தவர்கள், ஷூவுக்குள் காகிதம் மடித்து வைத்தவர்கள், எல்லோரையும் தெரியும். முட்டியை மடக்கி நிற்கிற குழந்தையை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

பயம் எங்க இருக்கு என்று கேட்க வேண்டிய இடம். கேட்கவில்லை. பின்னால் பதினைந்து பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது மகளிடம் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது? சின்னக் கதவைக் காட்டவும் கை வரவில்லை.

"குறையுது. ஒரு விரல் குறையுது" என்றாள் அளவு அக்கா. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "நீ இங்க என் பக்கத்துல நில்லு."

மகள் முட்டியை மடக்கியபடியே நகர்ந்து வந்து நின்றாள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்து வந்த பையன் கம்பத்தில் நின்றான். அவன் தலை கோட்டைச் சரியாகத் தொட்டது. அவன் சும்மா போகவில்லை. "ஆன்ட்டி, அசெம்ப்ளி லைன்ல அவ எனக்குப் பின்னாடிதான் நிப்பா. அவ என்னை விட உயரம்" என்றான். பொறாமையும் இல்லை, கோள் சொல்லும் எண்ணமும் இல்லை. கணக்கு உதைக்கிறது, அதைச் சொன்னான்.

சூப்பர்வைசர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார். "யாரு குறையுது?"

டீச்சர் மகளைக் காட்டினார். "பாப்பா, இங்க வா. நேரா நில்லு" என்றார் சூப்பர்வைசர். பெரிய மனிதர் சொன்னதும் மகளின் முட்டி தானாக நிமிர்ந்துவிட்டது. தலை கோட்டைத் தாண்டி நின்றது.

"என்னம்மா இது? குறைச்சு அளந்தா கூட்டியும் அளப்பீங்கன்னுதானே அர்த்தம். நாளைக்கு நூத்திப் பத்தை உள்ள விட்டுட்டா யாரு ஜெயிலுக்குப் போறது?"

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் அவளைச் சுட்டது. மகளின் முகம் சுண்டிப்போயிருந்தது. வரிசையில் கிசுகிசு தொடங்கியது.

"தப்பு என்னுதுதான் சார். இவ என் பொண்ணு" என்றாள் அவள். பிறகு மகளிடம் குனிந்து, எல்லோருக்கும் சொல்கிற அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "உயரம் சரியா இருக்கு. ஏறணுமா, சின்னக் கதவா? நீயே சொல்லு."

மேலே வண்டி உச்சியிலிருந்து விழுந்து, கூச்சல் ஒரு அலையாக வந்து போனது. மகள் சின்னக் கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனாள். போகும்போது அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து, வரிசையின் கடைசியில் நின்ற ஒரு ஒல்லிப் பெண் டீச்சரிடம் ஏதோ சொல்லிவிட்டு அதே கதவு வழியாகப் போனாள். அப்புறம் இன்னொரு பையன். டீச்சர் பட்டியலில் மூன்று பெயருக்கு நேரே புள்ளி வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே பூங்கா ஆபீஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. பதினைந்து நாள் அவள் தண்ணீர் விளையாட்டுப் பக்கம், பைகளையும் செருப்புகளையும் வாங்கி வைக்கும் கவுண்டரில் இருக்க வேண்டும். அங்கே அவளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் நாற்காலி. அதில் உட்காரத்தான் முடியவில்லை. ஈரத் துண்டுகளை அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். தூரத்தில் பாம்பின் சங்கிலிச் சத்தம் கேட்கும். வாய் தன்னால் எண்ணத் தொடங்கும். சில சமயம் தொண்ணூற்றெட்டைத் தாண்டியும் வண்டி வந்து சேரும் சத்தம் கேட்காது. அப்போது மட்டும் துண்டு அடுக்குகிற கை நிற்கும்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மகள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். "நீதானே பொய் சொல்லச் சொன்ன" என்று ஒரு தடவை நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினாள். கணவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போச்சு" என்றான். அன்று அந்த ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை.

பதினோராவது நாள் சூப்பர்வைசர் கவுண்டருக்கு வந்தார். கம்பத்தில் புதிதாகப் போட்ட ஆள் அழுகிற குழந்தைகளையும் ஏற்றிவிட்டிருக்கிறான். இருக்கையில் உட்கார்ந்த பிறகு குழந்தை மார்புக் கம்பியைப் பூட்டவிடாமல் உதைத்தால் வண்டி கிளம்ப முடியாது. ஆளை இறக்கி, எல்லாப் பூட்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆறு நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு தடவை. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. பாம்பின் ஆபரேட்டர் ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நாளையிலேர்ந்து பழைய இடத்துக்கே வந்துடுங்க" என்றார் சூப்பர்வைசர். "முப்பது செகண்ட். அதுக்கு மேல வேணாம்."

"சில குழந்தைக்கு நாப்பது ஆகும் சார்."

அவர் கடிகாரத்தின் கயிற்றை விரலில் சுற்றினார். "சரி, பாத்துச் செய்யுங்க. அளவு மட்டும் அளவா இருக்கணும்."

"இருக்கும் சார்."

அன்று மாலை மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கூட்டம் இல்லை. ஜன்னலோர இருக்கையில் மகள். திரும்பப் பாம்புக்கே போவதைச் சொன்னாள். மகள் ம் என்றாள். நாலு நிறுத்தம் போன பிறகு, வெளியே பார்த்தபடியே கேட்டாள்:

"அம்மா, நீ ஏறியிருக்கியா அதுல?"

"ஏறியிருக்கேன். வேலைக்குச் சேந்த அன்னிக்கு. எல்லாரையும் ஒரு தடவை ஏத்துவாங்க."

"எப்படி இருந்துச்சு?"

அவளுக்கு மறைக்கத் தோன்றவில்லை. "பிடிக்கல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். இறங்கினதும் ஆபரேட்டர் ஷூ மேலயே வாந்தி எடுத்தேன்."

மகள் திரும்பினாள். "ஷூ மேலயா?"

"புது ஷூ வேற. ஒரு வாரம் எங்கிட்ட பேசல அவர்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திய கையை மீறிச் சத்தம் வந்தது. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பதினோரு நாளாக அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையே. நானும் கேக்கல, உனக்கு ஏறப் பிடிக்குமான்னு. உயரத்தை மட்டும் அளந்தேன்."

மகள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "லீவுல அங்க வர்றேன். ஏறுவேனான்னு தெரியாது."

"தெரியாட்டி இருக்கட்டும்."

அவர்கள் இறங்க இன்னும் மூன்று நிறுத்தம் இருந்தது. அவள் அதற்குள்ளேயே எழுந்து, மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவோரக் கம்பியைப் பிடித்தபடி போய் நின்றுவிட்டாள். மகள் இருக்கையிலிருந்தே, "அம்மா, இப்பவே என்ன அவசரம், வந்து உக்காரு" என்றாள். அவள் வந்து உட்கார்ந்தாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மறுபடி எழுந்துவிட்டாள்.