வெள்ளிக்கிழமைச் சூடு

மதினி வீட்டுக் குசினி அலுமாரியில், பழைய பால்மாப் பேணிகளுக்குப் பின்னால், வெடித்த வெள்ளைக் குழாயொன்று கிடக்கிறது. நேற்றுச் சீனி தேடிய என் கையில் அது அகப்பட்டது. எறியவும் மனமில்லை, வைத்திருக்கவும் மனமில்லை. இப்போது அந்த வீட்டில் மதினியும் மகளும் மட்டும்தான்.

மதினியின் கணவர், என் மூத்த சகோதரர், நான் காக்கா என்று கூப்பிடுபவர், கட்டாரில் உலைத் தொழிற்சாலையொன்றில் பல வருடம் உழைத்தவர். ஒருமுறை விடுமுறையில் வந்தவர், திரும்பிப் போகாமல் பிள்ளையோடு இருக்க வழி கிடைத்துவிட்டது என்றார். குளிர் அணுக்கருச் சேர்க்கையாம்! நிக்கல் தூளை ஐதரசனோடு குழாய்க்குள் அடைத்துச் சூடாக்கினால், கொடுத்த மின்சாரத்தைவிடக் கூடுதலான வெப்பம் வருமாம். உலகத்துப் பெரிய மண்டைகள் எல்லாம் முயன்று கைவிட்ட சங்கதி. பெயரில்தான் குளிர், உள்ளே ஆயிரம் பாகைக்கு மேல் ஏற வேண்டும். "இது மட்டும் சரிவந்திட்டெண்டா சம்மாந்துற நெல்லாலக்காரன் உமி எரிக்கத் தேவல்ல தம்பி, எங்கட வாசலுக்குத்தான் வருவான்" என்பார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடுதான் இருப்பார். ஆகவே அந்த உலை மதினியின் குசினிக்குப் பின்பக்கம் வந்து குந்தியது. முதலில் போட்ட இரும்புக் குழாய் சிவந்து தொய்ந்தது. சூடேறிய இரும்பினூடாக ஐதரசனும் கசிந்து போனது. சுற்றிய கம்பிச் சுருள் அடிக்கடி எரிந்தது. பிறகு வெளிநாட்டிலிருந்து அலுமினா என்ற வெள்ளைப் பீங்கான் குழாய்கள் எடுப்பித்தார். அலுமினா சூட்டைத் தாங்கும், அவசரத்தைத் தாங்காது. மெல்ல ஏற்றி மெல்ல இறக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் டப்பென்று வெடிக்கும். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாளும் ஒரு நாளா? சூடு அளவுக்கு மீறினால் நிக்கல் தூளே கட்டிபட்டுவிடும், குறைந்தால் ஒன்றும் நடக்காது. நான்தான் எரிந்து விழுவேன். "இந்த விசர விட்டுட்டு, விசா முடியக்கு முதல் போய்ச் சேருங்க காக்கா." மதினி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை உலையை ஓடவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்தோம். மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியை யாரும் தொடவில்லை, ஆனால் வெப்பம் ஏறியிருந்தது. பதிவுக் கருவி காட்டியது. அடுத்த வெள்ளியும் அப்படியே. மற்ற நாட்களில் இல்லை. காக்கா அழுதே விட்டார். "வெள்ளிக்கிழம அல்லாஹ்ட பறக்கத்தான நாள் தம்பி. இனி நான் போகல்ல, விசா முடிஞ்சா முடியட்டும்." அன்று மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். எனக்கும் ஆசை வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

சில வாரங்களில் ஒரு வெள்ளி, காய்ச்சலால் அவர் பள்ளிக்கு வரவில்லை. நான் தொழுதுவிட்டு வந்தபோது, கையில் மின்னழுத்தமானியோடு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஜும்ஆக்கு ஊரே அடைச்சிட்டுப் போகுது. நெல்லால, மரம் அரியிற மரக்கால, ஐஸ் பெக்டரி எல்லாம் நிக்கிது. வோல்டேஜ் ஏறுது. படுத்துக் கிடக்கக்குள்ள மேல ஃபேன் வேகமாச் சுத்தினதப் பாத்துத்தான் அளந்தன். நம்மட சூடு அதுதான்."

உலையின் சுவிட்சை ஒரேயடியாக நிறுத்தினார். உள்ளே குழாய் வெடித்த சத்தம் கேட்டது. "விசா இன்னும் செல்லுமா எண்டு கேட்டுப் பாரு" என்றார்.

சோற்றுப் பீங்கானோடு வந்த மதினி அப்படியே நின்றார். இந்தத் தொல்லை ஒழிந்ததே என்று அவர் ஆறுதல்படுவார் என நினைத்தேன். பீங்கானை மேசையில் வைத்த வேகத்தில் கறி சிந்தியது. அவர் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதேயில்லை.

"வெள்ளிக்கிழமயில ஃபேன் பறக்கிறது எனக்கு முதல் கிழமயே தெரியும். நான் வாய் தொறந்தனா? நீங்க ஏன் அளந்து பாத்தீங்க?"