ஊர்க்காரங்கன்னா யாருன்னு கேட்ட ஷமீம்

மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தபோது ஷமீமின் அண்ணன் ஃபோனில் கூப்பிட்டார். அந்த நேரத்தில் அவர் எனக்குப் பேசுகிறவர் இல்லை. "கோமதி, ஷமீமு போய்ட்டாம்மா. விடியகாலைல. பகல் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றார். ரயில் வந்தது, எல்லோரும் ஏறினார்கள், நான் ஏறவில்லை. காய்ச்சலென்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது கூட எனக்குத் தெரியாது. கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேள்வி கேட்டே துளைத்தவள், தன் உடம்புக்கு முடியவில்லை என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவளோடு படித்தவர்களும் பின்னால் அவளிடம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளும் இதை வாசிப்பீர்கள். அவள் எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செத்துப்போனதால் அவளைச் சாதுவாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்து இடம் அவளுக்கு. நான் தோணிரேவு, மீன்பிடிக்கிற வீடு. அவள் பழவேற்காடு கடைத்தெரு. அவள் அத்தாவுக்கு செல்ஃபோன் ரிப்பேர் கடை. கொடுத்தவர்கள் திரும்ப வாங்க வராத ஒரு லேப்டாப் அங்கே கிடந்தது. கட்டம் கட்டமாக ஒட்டிப் பழகும் ஸ்கிராட்ச், ஃபோனிலேயே எழுதும் பைத்தான், அண்ணனின் காலேஜ் புத்தகத்திலிருந்து சி என்று மூன்று கம்ப்யூட்டர் மொழிகளையும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டாள். சியில் வரிக்கு வரி வைக்கிற அரைப்புள்ளியைக் கொண்டுபோய்ப் பைத்தானில் வைப்பாள். பைத்தானில் கை பழகியபின் சியில் அதை வைக்க மறப்பாள். ஒன்றை முழுசாகப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போ என்று சொல்லாதவர்கள் இல்லை. நானும் சொன்னேன். "ஆரம்பாக்கத்துல தெலுங்குக்காரங்களுக்கு நண்டு விக்கறாங்களே உங்கம்மா, தெலுங்க முழுசா படிச்சிட்டா வித்தாங்க?" என்றாள்.

அவள் அடிக்கடி சொல்வது இது: "கம்ப்யூட்டரு நம்மள எந்த பாஷையில திட்டுதுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது."

பழவேற்காட்டு ஏரியில் முகத்துவாரத்துப் பக்கம்தான் இறால் நன்றாகப் படும். அந்த நீரில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட முடியாது. எங்கள் ஊரில் மூன்று கூட்டம். நாளுக்கு ஒரு கூட்டம் என்று முறை வைத்துப் போவோம். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. மீஞ்சூர் கம்பெனிகளில் வேலைக்குப் போய்விட்ட பையன்கள் தங்கள் பாடு எந்த நாளில் வருகிறதென்று தெரியாமல் லீவு போட முடியாமல் திண்டாடுவார்கள். இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். ஷமீம் பிடித்துக்கொண்டாள்.

முதலில் ஸ்கிராட்ச்சில் செய்தாள். படகு போய் வந்ததை நான் சொல்வேன். அவள் திரையில் இருக்கும் பச்சைக் கொடியை அமுக்குவாள். அடுத்த கூட்டத்தின் பெயர் வரும். அப்புறம் அதையே பைத்தானுக்கு மாற்றினாள். "இனிமே நீ சொல்லவும் வேணாம், நான் அமுக்கவும் வேணாம். தேதியே பாத்துக்கும்" என்று அவளுக்கு ஒரே பெருமை. ஊரில் எல்லோர் ஃபோனிலும் திறக்க வேண்டுமென்பதற்காக ஜாவாஸ்கிரிப்ட்டைப் பிடித்து ஒரு வலைப்பக்கமாகவும் ஆக்கிவிட்டாள். ஏகாம்பரம் மாமாகூட பேரனிடம் கொடுத்துத் திறந்து பார்த்தார். அவர் இன்னொரு கூட்டத்தின் மூத்தவர், எங்கள் நைனாவின் கூட்டத்துக்கு முந்தின நாள் அவர்களுடையது.

இறால் காலத்தில்தான் வினை வந்தது. எங்கள் தெருக்கோடித் தாத்தா இறந்துபோனார். ஊரில் சாவு விழுந்தால் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. அன்று யார் பாடோ, அது அப்படியே நின்று மறுநாள் அவர்களுக்கே போகும். அன்று ஏகாம்பரம் மாமா பாடு. மறுநாள் விடிந்ததும் ஃபோன் எங்கள் நைனாவின் கூட்டத்தைக் காட்டியது. நைனாவுக்கும் சந்தேகம்தான். ஆனால் ஃபோனில் வருவது பெரியவர்கள் கலந்து பேசிப் போட்டது என்று நினைத்துவிட்டார். லீவு போட்டு வந்திருந்த பையன்களும் அதற்குள் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

கரையில் நின்றே எல்லாவற்றையும் பார்த்தேன். ஏகாம்பரம் மாமா தன் படகை நைனாவின் படகுக்குக் குறுக்கே விட்டார்.

"சாவு விழுந்த நாளு என் பாடு. இன்னிக்கும் என் பாடுதான்டா."

"ஃபோனப் பாரு மாமா" என்றான் எங்கள் படகிலிருந்து ஒரு பையன்.

"ஃபோனாடா தண்ணில வலை போடுது?"

எங்கள் படகில் ஒருவன் கழியைத் தூக்கினான். அவர்கள் படகில் இரண்டு கழி எழுந்தது. ஊர்க்கட்டு என்னவென்று எனக்குத் தெரியும்: பாடு முறைக்காகக் கைகலப்பு வந்தால், வழக்கு தீரும்வரை இரண்டு கூட்டமும் இறங்கக் கூடாது. இறால் போய்விடும், வருஷமே போய்விடும். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடம் கன்றிப்போயிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். கடைசியில் நைனாதான் கழியைப் பிடுங்கிப் படகுக்குள் போட்டார். யாரும் வலை போடவில்லை. இரண்டு படகும் வெறுமனே கரைக்குத் திரும்பின.

ஷமீமுக்கு ஃபோன் செய்தேன். அண்ணனின் பைக்கில் யூனிஃபார்மோடு வந்து இறங்கினாள். கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பின்னால்தான் நிற்போம், பேசுவதும் இல்லை. வெளியூர்ப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். அவள் நேராக முன்னால் போய் நின்றாள்.

"தப்பு எங்களுது. மொத பாஷையில நாள நாங்க கையால தள்ளினோம். சாவுன்னா கோமு சொல்ல மாட்டா, நான் தள்ள மாட்டேன். ரெண்டாவது பாஷையில தேதி தானா தள்ளிடுச்சு. கோமதி நைனா மேல தப்பில்ல, ஏகாம்பரம் மாமா மேலயும் தப்பில்ல. பாடு மாமாவுக்குத்தான்."

இத்தோடு நிறுத்தியிருந்தால் அவள் ஷமீம் இல்லை.

"திருத்தி எழுதணும். யாரு செத்தா பாடு நிக்கும்?"

"ஊர்க்காரங்க செத்தா" என்றார் தலைவர்.

"ஊர்க்காரங்கன்னா யாரு?"

"இது இன்னா கேள்வி?"

"கட்டிக் குடுத்து வேற ஊரு போன பொண்ணு செத்தா? வெளியூர்லேர்ந்து வந்து இங்க குடியிருக்கறவங்க செத்தா?"

ஒருவர் நிற்கும் என்றார், இன்னொருவர் நிற்காது என்றார். அதற்கே தனியாக ஒரு சண்டை கிளம்பியது. தப்பைச் செய்துவிட்டு வந்து, இவர்களுக்குப் புதிதாக ஒரு வழக்கும் கொடுக்கிறாளே என்று அவளைப் பிடித்து இழுக்கப் போனேன். அப்போது ஏகாம்பரம் மாமா எழுந்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"அதெல்லாம் மொதல்லியே எழுதி வெக்க முடியாதும்மா. அன்னன்னிக்கு மனசுக்குத் தெரியும். நீ காலைல எங்கள ஒரு வார்த்த கேளு, நாங்க சொல்றோம்" என்றார்.

அவள் தலையாட்டினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அன்று சாயங்காலமே மாற்றி எழுதினாள். அந்தப் பக்கம் இனித் தானாக நாளைத் தள்ளாது. காலையில் ஒரு கேள்வி கேட்கும்: "இன்று ஊரில் சாவு உண்டா?" ஏகாம்பரம் மாமா இல்லை என்று அமுக்கினால்தான் பாடு நகரும். "நமக்குத் தெரியாதத மெஷின் தலையில கட்டக் கூடாது கோமு, கேட்டுக்கணும்" என்றாள். பின்னால் அவள் இன்னும் எத்தனையோ மொழி கற்றாள், எனக்கும் சோறு போடுகிற கம்ப்யூட்டர் வேலையை அவைதான் கொடுத்தன. ஆனால் சாவு உண்டா என்கிற அந்த ஒரு வரியைத்தான் புது மொழிக்கு மாற்றும்போதெல்லாம் முதலில் எழுதுவாள்.

அடக்கத்துக்குப் போக மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வந்து பஸ் மாறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பழக்கத்தில் கை ஃபோனில் அந்தப் பாடு பக்கத்தைத் திறந்தது. மழை முடிந்து இறால் ஏறியிருக்கும் காலம். அன்று ஏகாம்பரம் மாமா பாடு என்று எனக்குத் தெரியும். அதில் வந்திருந்தது: "பாடு நின்றது."

எங்கள் ஊரில் யாரோ என்று பதறி நைனாவுக்குப் பேசினேன்.

"நம்ம ஊர்ல யாரு நைனா?"

"யாரும் இல்லம்மா. ஷமீமுதான். மாமா காலைலியே 'உண்டு'ன்னு அமுக்கிட்டாரு. எல்லாரும் பழவேற்காட்டுக்குத்தான் கிளம்பிகினு கீறோம்."

"யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"இன்னா கேக்கறது?" என்றார் நைனா.

பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன். அவளுடைய மொழிகள் எல்லாம் எனக்கு வராது; சி இன்றைக்கும் பாதிதான் தெரியும். ஒரு வரி எழுதுமுன் இது யாருக்குப் போகிறதோ அவர்களைப் போய்க் கேட்கிற பழக்கம் மட்டும் அவளிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன். கோயில் முன்னால் அவள் கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு எங்கள் ஊர் அன்றைக்குப் பதில் சொல்லிவிட்டது. கேட்க அவள்தான் இல்லை.