எல்லார் முன்னும் வைத்த சொல்

வெரோனிக்கா மன்னாரிலிருந்து அகதியாக வந்தவள். ஜெர்மனியில் பிராங்பேர்ட் நகரில் பத்து வருடம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவினாள். பிறகு அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போகத் தொடங்கினாள்.

2007இல் ஒரு காலை, தியாகராசா என்ற முதியவரின் விசாரணை. முடிந்ததும் அதிகாரி பதிந்த எல்லாவற்றையும் அவள் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் அவர் கையெழுத்து. ஒன்பதாம் பக்கத்தில் அவள் குரல் நின்றுபோனது.

‘நான் ஆயுதக்காரரோடு ஒத்துப்போய் வாழ்ந்தேன்’ என்றிருந்தது.

அவர் அப்படிச் சொல்லவேயில்லை. ஏன் ஊரை விட்டுப் போகவில்லை என்று கேட்டதற்கு, பலமானவனோடு ஒத்துப்போவது பற்றி ஊரெல்லாம் சொல்லும் பழமொழி ஒன்றைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். அவசரத்தில் அவள்தான் அதை அவருடைய சொந்தக் கதையாக ஜெர்மனில் சொல்லிவிட்டாள்.

"ஏன் பிள்ளை நிண்டிட்டாய்? என்ர கதை உனக்கே அலுத்துப்போச்சோ?" என்றார் தியாகராசா.

இந்த வரி இருந்தால் இவரைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். பிழையைச் சொன்னால் இனி யார் தன்னைக் கூப்பிடுவார்கள்? வாசிக்காமல் தாண்டிவிடலாம். இவருக்குத் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பே அவளை இன்னும் பயமுறுத்தியது.

"இது அவர் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை," என்றாள் அதிகாரியிடம். "இது ஒரு..." பயத்தில் பழமொழிக்கு ஜெர்மன் சொல் வரவில்லை. ஆங்கிலம்தான் வந்தது. "புரொவேர்ப்."

"சொல் தெரியும். அதற்கும் இந்த வரிக்கும் என்ன தொடர்பு?" என்றார் அதிகாரி.

ரயிலில் அவள் ஆங்கில அகராதி படிப்பாள். அதில் கண்டது நினைவுக்கு வந்தது.

"அது இலத்தீனிலிருந்து வந்தது. 'புரோ' என்றால் முன்னே, 'வேர்பும்' என்றால் சொல். எல்லார் முன்னும் வைத்த சொல். யாரும் எடுத்துச் சொல்லலாம். சொன்னவர் அப்படி வாழ்ந்தார் என்று அர்த்தமில்லை. நான்தான் அவருடைய கதையாக்கிவிட்டேன்."

அதிகாரி அவள் பெயரையும் பிழையையும் பதிந்தார். அந்த வரியைத் திருத்தினார். பிறகு தாள்கட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.

"வேறு எங்கே இப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் மறுபடி கேட்போம்."

"என்னவாம், பிள்ளை? நான் பிழையாக் கதைச்சிட்டனோ?"

"நீங்கள் இல்லை, ஐயா. நான்." என்றாள். "முதல்ல இருந்து சொல்லுங்கோ. அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ."