கழற்றிய டிஸ்க்

“எந்த டிஸ்கிலையிருந்து பூட் ஆகியிருக்கு எண்டு பாத்தனியோ?”

குகதாசன் அண்ணை தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. இதில் ஒரு சொல்லும் நான் கூட்டி எழுதவில்லை. நடந்தது பட்டப்பகலில், புத்தூரில், அவருடைய அச்சுக்கடையில். பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் அங்கேதான் தட்டச்சு வேலை செய்கிறேன்.

அன்று காலை பாலேஸ்வரி அன்ரி வந்தார். மகள் லவீனா செத்து மூன்று கிழமை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுக்கக் கல்வெட்டு அடிக்க வேண்டும். அந்த நினைவுப் புத்தகத்தின் முகப்பில் போட வீட்டில் ஒரு படமும் இல்லை. சாவதற்கு முதல் எல்லாவற்றையும் லவீனாவே எரித்துவிட்டாளாம். மிச்சம் அவளுடைய மடிக்கணினியின் டிஸ்க் மட்டும்.

“சிரிச்ச முகமா ஒண்டு எடுத்துத் தா, பிள்ளை. முகமில்லாமல் என்னெண்டு கல்வெட்டுக் குடுக்கிறது?”

அண்ணை அதை எங்கள் லினக்ஸ் கணினியில் இரண்டாவது டிஸ்காக மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் கணினியைப் போட்டேன்.

வந்தது எங்கள் திரை அல்ல. முழுக்கக் கறுப்பு. நடுவில் ‘லவீனா’ என்று ஒரே ஒரு கோப்புறை.

அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

கணினி எந்த டிஸ்கிலிருந்து தொடங்கியது என்று காட்டும் கட்டளையை அடித்துப் பார்த்தேன். லினக்ஸில் எங்களுடைய டிஸ்கின் பெயர் எஸ்டிஏ. அவளுடையது எஸ்டிபி. பதில் எஸ்டிபி என்று வந்தது.

“அவளின்ரையிலை ஏறீட்டுது. நிப்பாட்டி, அதைக் கழட்டிப்போட்டுப் போடு. நான் வாறன்.”

கழற்றினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே கணினியைப் போட்டேன்.

அதே கறுப்புத் திரை.

மறுபடி கட்டளை.

எஸ்டிபி.

என் கையில் இருந்த டிஸ்கில் வயர் ஒன்றுமில்லை. ஆனால்... டக்... டக்... உள்ளங்கையில் அதிர்ந்தது.

கோப்புறை தானாகத் திறந்தது. முதல் படத்தில் லவீனா சிரித்தாள். அடுத்ததில் முறைத்தாள். அடுத்ததில் பாதி திரும்பியிருந்தாள்.

முதல் படத்துக்குப் போனேன்.

முதுகு.

எல்லாவற்றிலும்... முதுகு.

அண்ணை வந்தார். பின்னாலேயே பாலேஸ்வரி அன்ரி. அண்ணை டிஸ்கை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தார். முகம் மாறியது. மூடியைத் திறந்தார்.

“என்ன விளையாட்டு, அக்கா? உதுக்குள்ளை தட்டே இல்லை. படமெல்லாம் அதிலைதானே இருக்கும்.”

“என்ன தட்டு?”

“வட்டமா, கண்ணாடி மாதிரி மினுங்கும்.”

அன்ரி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அதுவோ... அதை அவள் கையிலை பொத்திக்கொண்டெல்லோ கிடந்தவள். விரிக்கேலாமல்... அவளோடையே எரிச்சது.”

டக்... டக்...

அன்ரி திரையைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். திரையில் அந்த முதுகு மெதுவாகத் திரும்புவது அவருடைய கண்களில் தெரிந்தது.

செருப்பைக்கூடப் போடவில்லை. அன்ரி படியிறங்கிப் போய்விட்டார்.