மூன்று துளை மட்டையில் நான் எழுதிய பெயர்

எங்கள் குடும்பத்தின் மூத்தவர், என் அண்ணர், கண்மூடி முப்பத்தொரு நாள்கள் ஆகின்றன. தாள் தட்டுப்பாட்டினால் இந்த நினைவு மலர் கோடுபோட்ட கொப்பித் தாளில் அச்சாகிறது. பக்கங்களும் குறைவு. ஆகவே சொல்லியே தீரவேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

அண்ணர் கொக்குவிலில் பிறந்தார். தகப்பனார் காலமானபோது அவருக்குப் பதினொரு வயது. அதுவரையும் பள்ளிக்கூட வாசலை மிதியாதவர், மாமாவின் தோற்கடையில் அமர்ந்தார். செருப்பும் இடுப்புப் பட்டியும் புத்தகப் பையும் தைத்து எங்களை வளர்த்தார். எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். உழைத்துப் படிப்பித்தவர் அவர்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது கைத்துப்பாக்கி உறை. முதலில் பொலிசாருக்குத் தைத்தார். எண்பத்து மூன்றின் பின் பொலிசார் வெளியே வருவது குறைய, ஆயுதம் ஏந்திய இயக்கப் பெடியள் வந்தார்கள். எவர் வந்தாலும் வேலை ஒன்றுதான். தோலைத் தண்ணீரில் ஊறவைப்பார். துப்பாக்கியை ஷொப்பிங் பையால் சுற்றி ஈரத் தோலுக்குள் வைத்து, பெருவிரல்களால் அழுத்தி அழுத்தி அதன் வடிவத்தை எடுப்பார். பிறகு தோல் நிழலில் காய வேண்டும்.

"அண்ணை, கெதியாய்த் தாங்கோ" என்று ஒருவன் நெருக்கினான்.

"தம்பி, உன்ரை சாமான் அவசரப்படலாம். என்ரை தோலுக்கு இரண்டு நாள் வேணும். வெயிலிலை வைச்சா அது கோவிச்சுப்போடும்."

தோல் வெட்டுவதற்கு மட்டை அச்சுகள் வைத்திருந்தார். எழுத்துத் தெரியாததால் குத்தூசியால் துளையிட்டு அடையாளம் வைப்பார்: ஒரு துளை செருப்பு, இரண்டு துளை பை, மூன்று துளை உறை. நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது, ஒழுங்குபடுத்துகிறேன் என்று மட்டைகள் எல்லாவற்றிலும் பெயர் எழுதினேன். மூன்று துளை மட்டையில் "பிஸ்ரல் உறை, வலப்பக்கம்" என்று மையால், கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அண்ணர் சிரித்தார். "கம்பசுக்குப் போறவர் என்ரை மட்டையளையும் பாஸ் பண்ண வைக்கிறார்."

எண்பத்தெட்டில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அண்ணர் உறை தைப்பதை நிறுத்தியிருந்தார். தைத்தது ஒன்றுகூட வீட்டில் இல்லை. மட்டைகள் மட்டும் ஆணியில் தொங்கின. வெறும் துளையைப் பார்த்து எவர் என்ன அறிவார்? வந்த இந்திய இராணுவத்தினரும் ஒன்றும் காணாமல் திரும்பத்தான் இருந்தார்கள். அவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்த மட்டையைத் திருப்பினார்.

"இதை எழுதியது யார்?"

நான் பக்கத்தில்தான் நின்றேன்; வீட்டில் வேறு எவரும் இல்லை. என் நாக்கு எழவில்லை.

"நான்தான் ஐயா" என்றார் அண்ணர்.

"எழுதிக் காட்டு."

அ, ஆ தெரியாத அண்ணர் பென்சிலை வாங்கி, அந்தச் சொற்களை என் கையெழுத்துப் போலவே வரைந்தார். நாள்தோறும் கண்ணில் பட்ட வடிவம். கண்டதை வெட்டிப் பழகிய கை. அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஏழு மாதங்களின் பின் திரும்பினார். வலது பெருவிரல் மடங்கவில்லை. அதன்பின் அவர் தோலைத் தொடவில்லை. மண்ணெண்ணெயைப் போத்தலில் வைத்து விற்றார்.

சோதனை நாளன்று காலை, பக்கத்துச் சைக்கிள் கடைச் செல்லத்துரை அண்ணையிடம் இராணுவத்தினர் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தார்கள். பழி போட அது போதுமாயிற்று. "தண்ணி வார்த்தவன் எங்கடை படலையையும் காட்டிப்போட்டான்" என்று அம்மா வேலிக்கு மேலால் ஏசினார். உறவினரும் அதையே நம்பினார்கள். நல்லது கெட்டது எதற்கும் அவரை அழைக்கவில்லை. அண்ணர் மட்டும் பின்னேரங்களில் அவர் கடையில் போய் இருப்பார்.

"வெக்கமில்லையோடா உனக்கு?" என்பார் அம்மா.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போனனான் அம்மா."

அண்ணர் தம் சைக்கிளை விற்று அப்போது இரண்டு வருடம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் பலமுறை கெஞ்சினேன். அவர் விடவில்லை. மருந்து கிடையாமல் காய்ச்சலில் கிடந்த கடைசி நாள்களில்தான் மிச்சத்தைச் சொன்னார். "நான் இருக்குமட்டும் வாய் திறவாதை. அம்மா உன்னோடை கதைக்காமல் விட்டா நான் தாங்கமாட்டன். செல்லத்துரையிட்டை எப்பவோ சொல்லிப்போட்டன். 'படிக்கிற பெடியன், விடு, நான் பொறுக்கிறன்' எண்டவர்."

செத்தவீட்டன்று செல்லத்துரை அண்ணை படலை வாசல் வரை வந்தார். "உவரை உள்ளுக்கு விடாதையுங்கோ" என்று எங்கள் ஆட்களே மறித்தார்கள். எல்லாம் தெரிந்த அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிப் போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் முறையும் வாய் திறக்கவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப இவ்வளவு காலமும் அந்த மனிசனை நான் ஏசினது..." என்றார். அன்று தொடக்கம் அவர் என்னோடு கதைப்பதில்லை.

மருந்து தேடி அலைந்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், அண்ணியையும் பிள்ளைகளையும் தனியே விடாமல் இருந்த அயலவருக்கும் எங்கள் நன்றி. செல்லத்துரை அண்ணைக்கு நன்றி என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. உறவினரே, அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தது என் எழுத்து. இன்று பந்தியில் இருந்து எழும்பி வீடு திரும்பும்போது, தயவுசெய்து அவர் கடை வாசலில் ஒருமுறை இறங்குங்கள். அவர் முகத்தைப் பார்க்க நீங்கள் கூச வேண்டாம். நான் அங்கே நிற்பேன்.

– தம்பி