காளானுக்கு ஒரு சாய டெஸ்ட்

மாஸ்டர் கண்ணாடிக் குவளையிலிருந்து இடுக்கியால் தூக்கிக் காட்டிய அந்த வெள்ளை பனியன் துணி இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஒரு பொட்டுக் கறை இல்லை. எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.

வீரபாண்டி பக்கம் ஒரு சாயப்பட்டறையின் லேபில் நான் உதவியாளராக இருந்தேன். எங்கள் டையிங் மாஸ்டர் நிறத்தில் புலி. நிறம் ஒத்துப் பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் ஒருமுறை பார்த்தாலே சிவப்பு எவ்வளவு தூக்கல் என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணை வைத்து எதற்கும் தீர்ப்புச் சொல்லலாம் என்று நினைத்ததுதான் வினை. மழை விட்ட மறுநாள் மதில் ஓரப் புல்லில் காளான் முளைத்திருந்தது. ஒரு கூடை பறித்து வந்தவர், இரண்டை வெள்ளைத் துணியோடு கொதிக்க வைத்தார். "வெசமா இருந்தா துணியில எறங்குமுங்க. எறங்கலை பாருங்க!" என்றார். சாயம் போகிறதா என்று பார்க்க நாங்கள் தினமும் செய்யும் அதே டெஸ்ட். காளான் என்ன கருநீல டீ-ஷர்ட்டா?

அது தின்கிற காளான் இல்லை என்று எனக்குத் தெரியும். உடுமலைப்பேட்டையில் அம்மா கரையான் புற்றில் வரும் காளானை மட்டும்தான் பறிப்பார். அதன் காம்பு வேர்போல மண்ணுக்குள் நீளும். இதுவோ வெறும் புல்லில் வந்தது, காம்பில் வளையம் வேறு. முற்றிய ஒன்றைத் திருப்பினேன். அடிமடிப்பெல்லாம் பச்சை பாரித்திருந்தது.

"அடியில பச்சையா இருக்குதுங்க மாஸ்டர்."

"எனக்கே ஷேட் சொல்லித் தர்றியா கண்ணு?"

எல்லோரும் சிரித்தார்கள். எரிச்சல் தலைக்கேறியது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். மதியம் காளானைச் சமைத்துத் தட்டை நீட்டியபோது, "கிருத்திகை விரதமுங்க" என்று நழுவினேன்.

சாயங்காலத்துக்குள் ஆறு பேர் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டார்கள். அதில் ஒருவர் ஒடிசாவிலிருந்து வந்தவர். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டது எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்துதான் பிழைத்தார்.

இப்போதும் மழை பெய்தால் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது: பூண்டு கறுக்காவிட்டால் நல்ல காளானாம், வெள்ளிக் கரண்டி மங்காவிட்டால் நல்ல காளானாம். வேகவைத்துப் பார்க்கிற எந்த டெஸ்ட்டும் விஷத்தைக் காட்டாது, உறுதியாகத் தெரியாததைத் தொடாதீர்கள் என்று பதில் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. யார் கேட்கிறார்கள்? இவர்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தோன்றும்.

அவர்கள் அந்தக் காளானைத் தின்ற மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாஸ்டர் குளுக்கோஸ் ஏறும் கையோடு படுத்திருந்தார்.

"நெசமாலுமே விரதமா கண்ணு?"

"ஆமாங்க மாஸ்டர்" என்றேன். பக்கத்துக் கட்டிலில் ஒடிசாக்காரர் இன்னும் கண் திறக்கவில்லை.