சுண்ணாம்புக்கு நின்ற பல்

இப்ராகிம் பாய் மௌத்தானார் என்ற சேதி வந்தபோது நான் பல்பொடி சலித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டேன். மிச்சப் பொடியையும் சலித்து டப்பியில் அடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கல்நெஞ்சன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் அப்படியேதான் இருக்கிறேன்.

பூந்தமல்லி கடைவீதியில் உங்களில் பலருக்கு அவர் மேசை நாற்காலிக்கு மெருகு போடும் பாய். எனக்குக் கூட்டாளி. என் தங்கை தனத்துக்கு முன்பற்களில் பழுப்புக் கறை. பெண் பார்க்க வந்தவர்கள் அவள் வாயைத் திறந்ததும் எழுந்து போய்விடுவார்கள். பட்டணத்தில் துரைமார் கடையில் விற்ற பற்பூச்சோ எங்கள் கைக்கு எட்டாதது. "மரத்துக்கு நிக்கிற அரக்கு பல்லுக்கு நிக்காதா நைனா? ஒரு நாளு நின்னா போதாதா?" என்றார் பாய். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துத்தநாக வெள்ளை சேர்த்து, முதலில் தம் எத்துப்பல்லில் பூசிக்கொண்டு கடைவீதியைச் சுற்றி வந்தார். சிரித்தவர்களிடம், "போர்டு மாட்டிகினு வர்றேன், நல்லா பாத்துக்கோ" என்றார்.

காபி, ரசம், புளிச்சோறு எல்லாவற்றுக்கும் பூச்சு நின்றது. வெற்றிலையை மட்டும் மறந்தோம். பாய்க்கு வெற்றிலை பிடிக்காது. எனக்கோ, பல்பொடி விற்பவன் வாய் சிவக்கக் கூடாதென்று விரதம்.

அதையே தனத்துக்கும் பூசினோம், வரன் ஒன்று படிந்தது. நிச்சயத்தன்று தட்டு மாற்றிய கையோடு மாப்பிள்ளையின் தாயார் தனத்தின் வாயில் தாம்பூலத்தைத் திணித்தார். அரக்குக்குச் சுண்ணாம்பு எமன். வெள்ளை ஏடு ஏடாகக் கழன்று உதட்டில் வழிந்தது. "இன்னாடி இது, செவுத்துக்கு அடிக்கிற மாதிரி அடிச்சி வச்சிகீறீங்க?" என்றார் அந்தம்மாள். தட்டு திரும்பி வந்துவிட்டது.

பின்னால் கறையைப் பார்த்தே ஆவடிக்காரர் ஒருவர் அவளைக் கட்டிக்கொண்டார். ஆனால் அன்று வாயை மூடிய முந்தானையை அவள் எடுக்கவேயில்லை. பேச்சும் சிரிப்பும் அதற்குப் பின்னால்தான்.

"விடுங்க பாய், அதான் கல்யாணம் ஆயிட்ச்சே" என்பேன்.

"கல்யாணம் ஆச்சி நைனா. அது இன்னும் சிரிக்கலியே" என்பார்.

பிடிக்காத வெற்றிலையை அதற்காகவே மெல்லத் தொடங்கினார். பூச்சு கரையும். துப்புவார். வேறொன்றைக் கலந்து மறுபடி பூசுவார்.

நான் போய்ச் சேர்ந்தபோது இன்னும் குளிப்பாட்டவில்லை. தாடையைத் துணியால் கட்டியிருந்தும் அந்த எத்துப்பல் தெரிந்தது. உதடு வெற்றிலையில் சிவந்திருந்தது. பல் வெள்ளையாக இருந்தது.

"காலீலேருந்து மென்னுகினே இருந்தாரு. 'நின்னுட்ச்சி, தனத்துக்கு ஆள் அனுப்பு'ன்னாரு. அப்டியே சாஞ்சிட்டாரு" என்றார் அவர் மனைவி. என்ன கலந்தார் என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

ஆவடியிலிருந்து ஜட்காவில் தனம் வந்து இறங்கினாள். குனிந்து அந்தப் பல்லைப் பார்த்தாள். "நின்னுட்ச்சிண்ணே, பாய் அண்ணே, நின்னுட்ச்சி" என்று வாய்விட்டுக் கதறினாள். முந்தானை தோளில் கிடந்தது. அவள் கறைப்பற்களை ஊரே பார்த்தது. பாய் விட்டுப்போனதில் நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான், மூடாத அந்த வாய்.